முட்டி போட்ட கட்டடம்

நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க பூவங்குளம் பஸ்ஸைப் பிடிச்சு வந்து மாவு மில் ஸ்டாப்புல இறங்குங்க. மில்லுக்குள்ள தலைமுடியிலேர்ந்து கால் நகம் வரைக்கும் மாவு அப்பின ஒருத்தி கத்திப் பேசிக்கிட்டு நிப்பா, அவகிட்ட கேளுங்க. அது நான்தான், ஜெபமணி. மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி எனக்கு மெதுவாப் பேசவே மறந்துபோச்சு, அதனால நான் சொல்றது சண்டை மாதிரி இருந்தா முழுக்கச் சண்டைன்னு எடுத்துக்காதீங்க, பாதிதான் சண்டை.

என் மில்லுக்கு எதிர்த்தாப்புல அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டுச்சு. கழுத்து நிக்காத பிள்ளைங்க, உக்கார வராத பிள்ளைங்க, காலு இருந்தும் நடக்க முடியாத பிள்ளைங்க, அதுவும் ஆறு வயசுக்குள்ள உள்ள சின்னஞ்சிறுசுங்களுக்குக் கையைக் காலை நீவி, நிமித்தி, பழக்கிவிடுற பயிற்சி மையம். நல்ல காரியம்தான், யாரு வேண்டாம்னு சொன்னா. ஆனா அதைக் கொண்டுபோய் வச்சது மாடியில. கீழ வெறும் தூணுங்க, தூணுக்கு நடுவுல மையத்தை நடத்துற ஆபீசரோட ஜீப்பு நிக்கும். நான் திறப்பு விழா அன்னைக்கே ரோட்டைத் தாண்டிப் போய், கட்டின என்ஜினியர் தெய்வநாயகத்தைப் பிடிச்சேன். “ஏன் சார், நடக்க முடியாத பிள்ளைக்கு மாடி, ஜீப்புக்குத் தரையா?”ன்னு கேட்டேன். அவரு என்னைப் பரிதாபமாப் பாத்தாரு. “ஏம்மா, ஜீப்பு படி ஏறுமா?”ன்னாரு. “பிள்ளைங்களை எப்படியும் இடுப்புல தூக்கிட்டுத்தானே வரப் போறாங்க, தூக்கினவங்களுக்கு மாடி என்ன, தரை என்ன?” சாய்தளமாவது போடுங்கன்னு அப்புறம் தாய்மாருங்க மனு மேல மனு கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் இடமில்லன்னு பதில் வந்துச்சு.

இப்ப இசக்கியைப் பத்திச் சொல்லணும். எங்க தெருவுக்குப் பின்னால குடியிருக்கிறவ, புருஷன் எர்ணாகுளத்துல கொத்தனார் வேலை. அவளுக்கு ஒத்தைப் பிள்ளை, கனிஷ்கா, நாலு வயசு. பிறந்தப்ப அழத் தாமதமாச்சாம், அதுலேர்ந்து ரெண்டு காலும் விறைச்சு ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கும். மையத்துல பயிற்சி கொடுக்கிற ஷாகுல் தம்பி அவகிட்ட ஒளிக்காமச் சொல்லியிருந்தாரு: “அக்கா, இந்த வயசுதான் நமக்குக் கிடைச்ச வயசு. தினமும் வந்தீங்கன்னா பிள்ளையை நிக்க வச்சிரலாம். விட்டுட்டீங்கன்னா காலு இறுகிரும், அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் கஷ்டம்.” அதுக்காக அந்தப் புண்ணியவதி மழைன்னு பாக்காம வெயிலுன்னு பாக்காம பிள்ளையை இடுப்புல வச்சுப் படியேறினா. அப்பத்தான் ரெண்டாவது பிள்ளை வயித்துல வந்துச்சு. கர்ப்பப்பை இறங்கியிருக்கு, ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, ஒண்ணைக் காப்பாத்தணும்னா இன்னொண்ணைக் கீழ விடணும். நான் ஒருநாள் ரெண்டுநாள் தூக்கிக் கொடுத்தேன், ஆனா காலையில அரவைக்கு வரிசை நிக்கிற நேரத்துல எத்தனை நாள் மிஷினை விட்டுட்டு ஓட முடியும்?

ஒரு திங்கக்கிழமை காலையில அவ படிக்கட்டுக்குக் கீழ வந்து நின்னா. ஒரு படி ஏறினா. இறங்கினா. அப்படியே உக்காந்து, பிள்ளை தலையில மூஞ்சியை வச்சு அழுதா. இசக்கி அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். நான் மிஷினை நிறுத்திட்டு ரோட்டைத் தாண்டப் போனேன். அதுக்குள்ள கட்டடம் முட்டி போட்டிருச்சு.

ஆமா, முட்டிதான். முன்தூண் ரெண்டும் நடுவுல மடங்கி, பிறகு பின்தூண் ரெண்டும் மடங்கி, கோயில் யானை பாகன் தட்டினதும் உக்காருமே, அந்தப் பதமா, ஒரு ஜன்னல் கண்ணாடி விரியாம, ஒரு ஃபேன் ஆடாம, படிக்கட்டை ஓரமா ஒதுக்கி மடிச்சு வச்சுக்கிட்டு, மாடி வாசலைக் கொண்டுவந்து இசக்கி காலடியில வச்சுது. ஜீப்பை டிரைவர் வெளிய எடுக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டதையும் சொல்லணும், அது மரியாதை தெரிஞ்ச கட்டடம். இசக்கி முந்தானையால மூஞ்சியைத் துடைச்சா, எந்திரிச்சா, உள்ள போனா. பாயை விரிச்சுக்கிட்டு இருந்த ஷாகுல் தம்பி நிமிந்து பாத்துட்டு, “இன்னைக்கு நேரத்தோட வந்துட்டீங்களே அக்கா”ன்னாரு. பிள்ளை உள்ள போனதும் கட்டடம் எந்திரிச்சு நின்னுச்சு. பயிற்சி முடிஞ்சதும் மறுபடி முட்டி போட்டு இறக்கி விட்டுச்சு.

எங்க ஊருக்காரங்க எதுக்கும் பழகிருவாங்க. குழாய்ல தண்ணி வராததுக்கே பழகினவங்க, கட்டடம் குனியறதுக்கா பழக மாட்டாங்க? ரெண்டு நாள் கூட்டமா நின்னு பாத்தாங்க, மூணாம் நாள் டீக்கடையில கட்டடம் இறங்கி ஏறுற நேரத்துக்கு எல்லாரும் கிளாஸைப் பெஞ்சுலேர்ந்து கையில எடுத்துக்கிட்டாங்க, ஏறினதும் திரும்பப் பெஞ்சுல வச்சுட்டு விட்ட பேச்சைத் தொடர்ந்தாங்க. பஸ் கண்டக்டர் “முட்டி ஸ்டாப்பு இறங்கு”ன்னு கூவ ஆரம்பிச்சாரு. இது யானை அம்சம், அதனால பிள்ளையார்தான்னு ஒரு கூட்டம் தேங்காய் உடைச்சுது. முழங்கால் படியிடுறது நம்ம வழக்கமாச்சேன்னு எங்க சர்ச்சுலேர்ந்து பாஸ்டர் பைபிளோட வந்தாரு. ஜமாத்துப் பெரியவங்க வந்து, கட்டடம் எந்தத் திசை பாத்துக் குனியுதுன்னு பாத்துட்டு, மேற்கு இல்ல, நமக்குச் சம்பந்தமில்லன்னு டீயைக் குடிச்சிட்டுப் போனாங்க. மாடியேற முடியாம வீட்டோட முடங்கிக் கிடந்த பிள்ளைங்க எல்லாம் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது, அக்கம்பக்கத்து ஊருலேர்ந்தும் வந்துது, கட்டடம் ஒண்ணுக்குக்கூட முகம் சுளிக்கல.

ஆனா அது எல்லாருக்கும் குனியாது. கவுன்சிலர் பேச்சிமுத்து கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு நொண்டி நொண்டி வந்து, செல்போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, தூணு ஒரு நூல் அசையல. வெயில்ல நின்னு நின்னு பாத்துட்டு, கட்டை அவிழ்த்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நல்லா நடந்து வீட்டுக்குப் போனாரு. அதைவிடப் பெரிய வில்லங்கம் பெரியாஸ்பத்திரியில ஆச்சு. அங்க ஊனத்துக்குச் சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுக்கிற டாக்டர்மாருங்க, நாப்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் உதவி கிடையாதுன்னு பிள்ளைங்களைத் திருப்பி அனுப்புவாங்க. இப்பத் தாய்மாருங்க போய், “எங்க பிள்ளைக்குக் கட்டடமே முட்டி போட்டுச்சு, நீங்க என்ன முப்பத்தஞ்சு போடுறீங்க?”ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர்மாருக்கு மானப் பிரச்சினை ஆகிப்போச்சு. கட்டடத்துக்கு என்ன படிப்புத் தகுதின்னு கேட்டு மேலிடத்துக்கு எழுதிட்டாங்க.

ஆபீசருக்கோ வேற துக்கம். தினமும் ஜீப்பு வெளிய நின்னு, வேப்பமரத்துக் காக்காயெல்லாம் அதுமேல காரியத்தை முடிச்சுட்டுப் போகும். அவரும் எழுதினாரு. எழுதின எழுத்துக்கு ஒரு குழு வந்துச்சு, குழுவோட தெய்வநாயகம் வந்தாரு. தூணைத் தட்டிப் பாத்தாங்க, முட்டியை அளந்தாங்க, யாரு உத்தரவுல குனியுதுன்னு விசாரிச்சாங்க. கடைசியில, கட்டடமே இறங்கி வர்றதால இனிமே சாய்தளம் தேவைப்படாதுன்னு முடிவெடுத்து, அத்தனை வருஷ மனுவையும் சேத்து மூடிட்டாங்க. அவங்க உருப்படியாச் செஞ்ச மொதக் காரியம் அதுதான், கவனிச்சுக்கோங்க.

நாங்களும் போனாப் போகுதுன்னு விட்டோம், ஏன்னா அந்தச் சமயம் கனிஷ்கா நிக்க ஆரம்பிச்சிருந்தா. தினம் தவறாம நீவின கையி, தினம் தவறாம வந்த பிள்ளை. பின்னின காலு பிரிஞ்சு, முன்னால சக்கரம் வச்ச நடைவண்டியைப் பிடிச்சுக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, தன்னால நின்னா. இசக்கி ஓடி வந்து மில்லுக்குள்ள நின்னு, “யக்கா, நின்னுட்டா யக்கா, நானு பிடிக்கல, ஷாகுல் சாரும் பிடிக்கல”ன்னா. சந்தோஷத்துல எனக்கு என்ன செய்யன்னு தெரியல, வரிசையில இருந்த அரிசியைக் கோதுமை மிஷின்ல கொட்டிட்டேன்.

இந்த நேரத்துல அமைச்சருக்குக் கட்டடத்தைப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு.

அமைச்சர் வர்றாருன்னா சும்மாவா? மாடியில விழா, மாலை, பேச்சு, கல்வெட்டு. ஆபீசர் யோசிச்சாரு: அமைச்சர் மேல உக்காந்திருக்கும்போது கீழ ஒரு பிள்ளை வந்து நின்னு, கட்டடம் பாட்டுக்குக் குனிஞ்சுதுன்னா? பாதுகாப்பு என்ன ஆகுறது? கௌரவம் என்ன ஆகுறது? உடனே கம்பி வந்து இறங்குச்சு, சிமெண்டு வந்து இறங்குச்சு, நாலு தூணுக்கும் முட்டியில கால்சட்டை தைச்ச மாதிரி கான்கிரீட் கட்டு போட்டாங்க. நான் அரவையை விட்டுட்டுப் போய் தெய்வநாயகத்துகிட்ட நின்னேன்.

“முட்டி போடுற கட்டடத்தைப் பாக்கத்தானே சார் அமைச்சர் வாராரு?”

“ஆமாம்மா.”

“அவரு வரும்போது அது முட்டி போடக் கூடாதா?”

“கூடாது. போட்டோ பெருசாப் போட்டு வச்சிருக்கோம், அதைப் பாத்துக்குவாரு.”

“அவரு போன பிறகு கட்டைப் பிரிச்சிருவீங்களா?”

“கான்கிரீட்டை எப்படிம்மா பிரிக்கிறது?”ன்னு அவரு நிஜமாவே ஆச்சரியப்பட்டாரு. கூறுகெட்ட கேள்வி கேட்டது நான்தான்.

கட்டு போட்ட மறுநாள் இசக்கி வந்து நின்னா. தூணு நாலும் நடுங்குச்சு, கான்கிரீட்டுலேர்ந்து பொடி உதிர்ந்துச்சு, குனிய முடியல. அவ கொஞ்ச நேரம் தூணைத் தடவிக் கொடுத்துட்டு, பிள்ளையோட என் மில்லுக்கு வந்துட்டா. மத்தத் தாய்மாருங்க வந்தாங்க, பாத்தாங்க, சிலர் தூக்கிட்டு ஏறினாங்க, பலர் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. ஷாகுல் தம்பி ஆபீசர்கிட்ட போய், ஜீப்பை வெளிய நிறுத்திட்டுக் கீழயே பாயை விரிச்சுப் பயிற்சி கொடுக்கிறேன் சார்னு கெஞ்சினாரு. பயிற்சி மையம்னா மாடிதான், கீழ இருக்கிறது வாகன நிறுத்தம், அங்க வச்சு நீவினா அது வைத்தியக் கணக்குல வராதுன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. அப்புறம் ஷாகுல் தம்பி, வேலை முடிஞ்ச பிறகு மில்லுக்கு வந்து மாவுச் சாக்கு மேல கனிஷ்காவைப் படுக்க வச்சு நீவினாரு, நடைவண்டியைத் தள்ளி நேரா நாலு எட்டு வைக்கவும் பழக்கினாரு. நல்ல மனுஷன், ஆனா ஒரு மனுஷன்தான். காலு மறுபடி விறைக்க ஆரம்பிச்சிருச்சு. “மேல நடை பழகப் போட்டிருக்கிற கம்பியைப் பிடிச்சு நடந்தாத்தான் அக்கா இது சரியாவும்”னு அவரு சொன்னப்ப இசக்கி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜீப்பை மிஷின்ல போட்டு அரைச்சிருப்பேன்.

விழா நாள் வந்துச்சு. மேளம், வாழைமரம், படிக்கட்டு முழுக்கச் சிவப்புக் கம்பளம். அமைச்சர் ஏறினாரு, ஆபீசர் ஏறினாரு, தெய்வநாயகம் ஏறினாரு, பேச்சிமுத்து ஏறினாரு, செய்திக்காரங்க கேமராவோட ஏறினாங்க, பயனடைஞ்ச பிள்ளைங்களும் தாய்மாரும் மட்டும் மேல இடம் பத்தாதுன்னு ரோட்டோரம் பந்தல்ல உக்காந்திருந்தாங்க. மைக்கு அலறுச்சு: இந்தக் கட்டடத்தைப் பாத்து நாம எல்லாரும் பணிவைக் கத்துக்கணுமாம். பேச்சு நடக்கும்போதே, பந்தல்ல வெக்கை தாங்காம பிள்ளைங்க சிணுங்க, தாய்மாருங்க எந்திரிச்சுக் கட்டடத்து நிழலுக்குப் போனாங்க. ஒரு பிள்ளைக்கே குனியுற கட்டடம், அத்தனை பிள்ளைங்களையும் ஒண்ணாக் கண்டா சும்மா இருக்குமா? குனியப் பாத்துச்சு. கட்டு விடல. மறுபடி பாத்துச்சு. விடல. அப்புறம் மாடு ஈ ஓட்டுற மாதிரி உடம்பை ஒரே ஒரு உலுக்கு உலுக்குச்சு. படிக்கட்டு மட்டும் கழண்டு, ஆளு இல்லாத பக்கமா மெதுவாச் சரிஞ்சு, பொடிப்பொடியாப் போச்சு.

மேல போனவங்க மேலயே நின்னுட்டாங்க.

தீயணைப்பு வண்டி ஏணியோட வந்துச்சு. ஏணியில பின்பக்கமாத்தான் இறங்கணும், எல்லா டிவியிலயும் அதுதான் வரும்னு அமைச்சரோட ஆளுங்க வேண்டாம்னுட்டாங்க. தோள்ல தூக்கி இறக்கவான்னு கேட்டாங்க, ஒரு அமைச்சர் எப்படிங்க இன்னொருத்தர் இடுப்புல வர்றதுன்னு ஆபீசர் கோவிச்சுக்கிட்டாரு. அப்பத்தான் மாடியிலேர்ந்து தெய்வநாயகம் ஒலிபெருக்கியில கத்தினாரு: “சாய்தளம் போடுங்க, சாய்தளம் போடுங்க.” அடேயப்பா, அதுக்கப்புறம் நடந்ததைப் பாக்கணுமே. பொக்லைன் வந்துச்சு, சரளை லாரி வரிசையா வந்துச்சு, உருளை வண்டி வந்துச்சு. காம்பவுண்டு சுவரை ஒரே இடியில இடிச்சாங்க, ரோட்டுல போக்குவரத்தைத் திருப்பினாங்க, இடமே இல்லன்னு எழுதிக் கொடுத்த இடத்துல நீளமா, வாட்டமா, சிறுசுலேர்ந்து பெருசு வரைக்கும் ஏறுற மாதிரி மண்ணைக் கொட்டி இறுக்கினாங்க. அவசரத்துல அகலத்தை மட்டும் ஒடுக்கிட்டாங்க. மாடி வாசல்ல ஆரம்பிச்ச சாய்தளம் ரோட்டைத் தாண்டி என் மில்லு வாசப்படியில வந்து முடிஞ்சுது. மேல பலகை போட்டு, பலகை மேல அந்தச் சிவப்புக் கம்பளத்தையும் உதறி விரிச்சாங்க. பொழுது சாயறதுக்குள்ள வேலை முடிஞ்சுது, நாங்க வாயைப் பொளந்து பாத்துக்கிட்டே நின்னோம்.

மேளக்காரங்க மறுபடி அடிக்க, அமைச்சர் முன்னால, ஆபீசர் பின்னால, அதுக்குப் பின்னால அத்தனை பேரும் வரிசையா இறங்க ஆரம்பிச்சாங்க. நான் திரும்பிப் பாக்கிறேன், மில்லுக்குள்ள இருந்த கனிஷ்கா நடைவண்டியைத் தள்ளிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. எதிர்ல வழி ஒண்ணு நேரா அவளோட மாடிக்குப் போகுது. எத்தனை நாளாச்சு அந்த மாடியைப் பாத்து. வண்டியோட முன்சக்கரத்தைக் கம்பளத்துல ஏத்திட்டா. ஷாகுல் தம்பி ஓடி வந்து அவ இடுப்புக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டாரு, பிடிக்கல, சும்மா வச்சுக்கிட்டாரு. இசக்கி பின்னாலயே நடந்தா. “ஏட்டி இசக்கி, இரு”ன்னு நான் கூப்பிட்டேன், அவளுக்குக் கேக்கல.

கீழேர்ந்து ஒரு நாலு வயசுப் பிள்ளை ஏறுது, மேலேர்ந்து ஒரு அரசாங்கமே இறங்குது, நடுவுல ஒரு வண்டிக்குத்தான் வழி. ரெண்டு பக்கமும் சரளைச் சரிவு. கிட்ட வந்ததும் அமைச்சர் தோளுக்கு மேல ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினாரு.

“ஏம்மா, பிள்ளையைத் திருப்பும்மா, அமைச்சர் இறங்குறாரு.”

“திரும்பத் தெரியாது சார்,” இசக்கி சொன்னா. “நேராப் போகத்தான் இதுவரைக்கும் படிச்சிருக்கா.”

பொய் இல்ல. நடைவண்டியில திரும்புறது தனிப் பாடம், அதை மேல கம்பியைப் பிடிச்சுத்தான் பழக்கணும்.

“அப்பத் தூக்கிக்கோ.”

இசக்கி தன் வயித்தைக் காட்டினா. ஷாகுல் தம்பியைப் பாத்தாரு இன்ஸ்பெக்டர். ஷாகுல் தம்பி தன்மையாத்தான் சொன்னாரு: “பிள்ளை நடக்கும்போது தூக்கக் கூடாது சார். அதுக்குத்தான் சார் இந்த மையம்.”

கேமராவெல்லாம் அமைச்சருக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பாத்துச்சு. அவரு கனிஷ்காவைப் பாத்தாரு, கனிஷ்கா அவரைப் பாக்கல, அவ தன் காலைப் பாத்துக்கிட்டு இருந்தா. இடது காலை எடுத்து வச்சா. அமைச்சர் ஒரு அடி பின்னால வச்சாரு. அவரு வச்சதால ஆபீசர் வச்சாரு, ஆபீசர் வச்சதால எல்லாரும் வச்சாங்க, வரிசைக் கடைசியில நின்ன தெய்வநாயகம் சாருக்கு, பின்னால என்ன இருக்குன்னு தெரியாமலே எல்லாருக்கும் வழிகாட்டி ஏற வேண்டியதாப் போச்சு. வலது காலை எடுத்து வச்சா. அத்தனை பேரும் இன்னொரு அடி ஏறினாங்க. மேளக்காரங்களுக்கு என்ன அடிக்கிறதுன்னு தெரியல, அவ அடி எடுத்து வைக்கிறதுக்கு ஒரு தட்டு தட்டினாங்க. எனக்கு வாழ்நாள்ல மொதத் தடவையா சத்தமே வரல.

பாதி வழியில கனிஷ்காவுக்கு மூச்சு வாங்கிச்சு. வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மேல வரிசையும் நின்னுச்சு. அமைச்சர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, குனிஞ்சு, “போலாமா பாப்பா?”ன்னு கேட்டாரு.

“இரு”ன்னா கனிஷ்கா.

எல்லாரும் இருந்தாங்க.